துருத்தி மூக்கிலிருந்து எயார் கன் வரை: சப்ரகமுவையில் ஊதும் கருவிகளின் வரலாறு

சப்ரகமுவ மாகாணத்தில் இரத்தினபுரி நகருக்குத் தெற்கே, மாணிக்கக் குழிகளுக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் நடுவில் அமைந்த ஈரவலய ஊர் நிவித்திகல. இவ்வூரையும் இதைச் சூழ்ந்த மாவட்டத்தையும் பற்றிய வரலாற்று நூல்கள் மணிகளையும் கொழுந்தையும் கூலி உழைப்பையும் விரிவாகப் பேசுகின்றன. ஆனால் இரும்பு உருக்கியவரும், கல்லைச் சூடேற்றியவரும், கொழுந்தை வாட்டியவரும், இன்று கார் கழுவித் துலக்குபவரும் ஆகிய நால்வருக்கும் பொதுவான ஒரு பொருளாகிய திசைப்படுத்தப்பட்ட காற்றை அவை அரிதாகவே கவனித்துள்ளன. காற்றைத் தருவது எது என்பது காலந்தோறும் மாறியிருக்கிறது: முதலில் பருவக்காற்று, பின்னர் பாதமும் நுரையீரலும், அதன் பின்னர் நீராவியும் மின்மோட்டாரும். எனினும் ஒவ்வொரு காலத்திலும் கருவி முதலில் பழுதடைந்த இடம் காற்று வெளியேறும் வாயும், அதைத் திறந்து மூடும் தடுப்பும்தாம். வாகனத் துலக்கலுக்கு நெடுநாள் உழைக்கும் ஊதுகருவி எது என்று இன்று ஒரு சேவிஸ் ஸ்டேஷன்காரர் கேட்கும்போது, இம்மாவட்டத்தின் கொல்லர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடைதேடிய ஒரு கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார்.

அந்தப் பழைய விடை இரத்தினபுரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வளவை கங்கையின் மேற்பகுதியிலுள்ள சமனலவெவவில் கிடைத்தது. 1992இல் இயங்கத் தொடங்கிய சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காகப் பள்ளத்தாக்கு நீரில் மூழ்குவதற்கு முன்னர் நடந்த தொல்லியல் ஆய்வில், தொல்லியலாளர் கில் ஜூலெஃப் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் 77 இரும்புருக்கு இடங்களை இனங்கண்டார். அவற்றில் பெரும்பாலானவை கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டில் ஏறிவரும் பாதையிலேயே உலைகள் அமைந்திருந்தமையால், துருத்தி ஏதுமின்றிக் காற்றின் வேகத்தாலேயே அவை இயங்கின என்ற கருத்தை அவர் முன்வைத்தார். 1994இல் அதே வடிவில் உலை கட்டி இரும்பை உருக்கிக் காட்டி, முடிவுகளை 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். காற்று நேராக உலைக்குள் புகுந்தது என்று எண்ணுவது முழு உண்மையாகாது. பின்னர் நடந்த பாய்மக் கணிப்பாய்வு, காற்று முன்சுவரின் மேல்விளிம்பைக் கடக்கும்போது அதன் பின்புறத்தில் அழுத்தம் குறைகிறது என்பதையும், அந்தக் குறைவே சுவரின் அடியில் வரிசையாகப் பதித்த களிமண் ஊதுகுழாய்களின் வழியாகக் காற்றை உள்ளிழுக்கிறது என்பதையும் விளக்கியது.

இவ்வுலையின் அமைப்பில் உழைப்புத்திறன் பற்றிய தெளிவான ஒரு முடிவு பொதிந்துள்ளது. பின்சுவர் நிலையானது, ஊதுகுழாய்கள் பதித்த முன்சுவரோ ஒவ்வோர் உருக்கலின் முடிவிலும் உடைக்கப்பட்டு, இரும்பு வெளியே எடுக்கப்பட்ட பின் மீண்டும் புதிதாகக் கட்டப்பட்டது. ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் குழாயின் வாய் உருகிக் கசடாவதைத் தடுக்க முடியாது என்பதை அறிந்த கைவினைஞர்கள், அதை அழியாததாக ஆக்க முயலவில்லை. மலிவானதாகவும் மாற்றத்தக்கதாகவும் வைத்துக்கொண்டனர். தேய்வது உறுதியான உறுப்பைக் கருவியின் நிலையான உடலிலிருந்து பிரித்து வைக்கும் இந்த முறை, பிற்கால இயந்திரவியல் நூல்கள் எதற்கும் முந்தியது. உலையின் உயரத்தையும் இரும்பின் தரத்தையும் அளந்த ஆய்வாளர்கள் பலர். உடைந்து குவிந்த குழாய்மூக்குகளை இந்தக் கோணத்தில் பார்த்தவர்கள் சிலரே.

காற்றுலை மறைந்த பின்னும் இம்மலைகளில் இரும்புருக்கல் மறையவில்லை. 1821இல் வெளியான இலங்கையின் உட்பகுதி பற்றிய நூலில், மருத்துவரும் வேதியியலாளருமான ஜோன் டேவி, சிங்களக் கொல்லர் பயன்படுத்திய மிதிதுருத்தியை விவரித்துள்ளார். மண்தரையில் பதித்த மரவளையத்தின் மேல் ஈரமான மாட்டுத்தோல் போர்த்தப்பட்டிருந்தது. தோலின் நடுவில் காற்று புகுவதற்கு ஒரு துளை இருந்தது. அத்துளையில் பிணைத்த கயிறு வளையும் கொம்பொன்றில் கட்டப்பட்டு, மிதித்த தோலை மீண்டும் மேலே இழுத்தது. துருத்தி இரண்டின் மேலும் மாறிமாறி மிதித்தவர், மிதிக்கும் கணத்தில் துளையைத் தம் குதிகாலால் அடைத்தார். காலை உயர்த்தும்போது துளை திறந்து காற்று உள்ளே புகுந்தது. பொறியியலார் வால்வு என்று கூறும் ஒருவழித் தடுப்பின் வேலையை இங்கே மனிதனின் குதிகாலே செய்தது. தோலால் ஆன மிதிதுருத்தி தமிழகத்துக்கும் புதிதன்று; சங்கப் பாடல்கள் அதை அறிந்திருக்கின்றன. தோல் உலர்ந்தால் வெடிக்கும் என்பதால் அதை ஈரமாக வைத்திருக்க வேண்டியிருந்தது; வெடித்தால் தோல் மட்டும் மாற்றப்பட்டது, வளையம் அப்படியே இருந்தது. இம்மரபின் கடைசிக் காலத்தைப் பதிவு செய்தவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தின் வழிவந்த இவ்வறிஞர், பலாங்கொடைப் பகுதியில் அப்போதும் எஞ்சியிருந்த இரும்புருக்குவோரையும் உருக்கு செய்வோரையும் நேரிற் கண்டு, 1908இல் வெளியான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அவர்களின் முறைகளைச் சேர்த்தார். இறக்குமதி இரும்பின் மலிவுக்கு முன் அத்தொழில் அதற்குள் தளர்ந்திருந்தது.

மாணிக்கத் தொழிலில் காற்று வேறொரு வேலையைச் செய்தது. இலங்கையில் கற்களை நெருப்பிலிட்டு அவற்றின் நிறத்தை உயர்த்துவதை, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கேயர் துவார்தே பர்போசா குறித்திருக்கிறார். அண்மைக் காலம் வரை நீடித்த வடிவில், நீலச்சாயல் கலந்த செம்மணி சுண்ணாம்பு அல்லது களிமண் பூச்சினுள் பொதியப்பட்டுச் சிரட்டைக்கரி நெருப்பில் வைக்கப்பட்டது. தொழிலாளி உலோக ஊதுகுழலால் இடைவிடாது ஊதி, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வெப்பத்தை நிலைநிறுத்தினார். இக்கருவியில் தடுப்பு கிடையாது, அழுத்தமானி கிடையாது. கன்னங்களில் காற்றைத் தேக்கி மூக்கால் மூச்செடுக்கும் பயிற்சியே இரண்டின் இடத்தையும் நிரப்பியது. நீலச்சாயல் அகன்று செம்மை தெளிவதற்கு இவ்வெப்பம் போதுமானதாக இருந்தது. பால்நிறமான கெவுட என்னும் குருந்தக்கல்லை நீலமாக்குவதற்கு ஏறத்தாழ 1,500 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் ஒட்சிசன் குறைந்த சூழலும் தேவைப்பட்டன. அதை மனித மூச்சு தர முடியாது. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் கெவுட கற்களை மலிவாக வாங்கிச் சென்று நீலமாக்கி விற்றதன் பின்னரே, உள்நாட்டில் வாயு உலைகள் பரவின. கற்களைத் தரும் இல்லம் என்னும் சரளைப்படையைத் தேடி இறங்கும் குழிகளிலும், அவற்றின் அடியிலிருந்து பக்கவாட்டில் தோண்டப்படும் சுரங்கவழிகளிலும், மூச்சுக்காற்றைக் குழாய்வழி செலுத்தும் ஊதி இன்று நீரிறைக்கும் பம்பியோடு சேர்ந்த உபகரணமாகிவிட்டது.

தோட்டத் தமிழர் காற்றியந்திரத்தை முதலில் சந்தித்தது ‘இஸ்டோர்’ என்று அவர்கள் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில். 1869இல் கோப்பிச் செடியைத் தாக்கிய இலைத்துரு நோய் இலங்கையின் பெருந்தோட்டங்களைத் தேயிலையின் பக்கம் திருப்பியது. பறித்த கொழுந்தின் ஈரத்தைக் குறைக்கும் வாட்டலும், நொதித்த இலையைச் சூடான காற்றால் உலர்த்தலும் காற்றை அளவாகச் செலுத்துவதையே நம்பியிருந்தன. அசாமின் கச்சாரில் தோட்டத்துரையாக இருந்து பெல்பாஸ்ற் நகருக்குத் திரும்பிய சாமுவேல் டேவிட்சன், 1881இல் சிறொக்கோ ஆலையை நிறுவினார். அவருடைய உலர்த்திகள் தேயிலை விளையும் நாடுகளெங்கும் சென்றன. 1890களின் இறுதியில் அவர் உருவாக்கிய, சுழலும் திசையை நோக்கி வளைந்த தகடுகளைக் கொண்ட மையவிலக்கு விசிறி, சுரங்கங்களிலும் கப்பல்களிலும்கூட இடம்பெற்றது. மாடித் தட்டுகளில் இலையைப் பரப்பிய பழைய வாட்டல் முறைக்குப் பதிலாக, கம்பிவலையின் அடியிலிருந்து விசிறி காற்றை மேலே தள்ளும் நீள்தொட்டி முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. விசிறி பெருமளவு காற்றைச் சிறிய அழுத்தத்தில் நகர்த்தும். இலைப்பரப்பு முழுவதிலும் சீராகப் படர வேண்டிய காற்றுக்கு அதுவே பொருத்தம். ஒரு திருகாணியின் தலைக்குள் தேங்கிய நீர்த்துளியை வெளியேற்றுவதற்கு அது உதவாது. அவ்வேலைக்குச் சிறிதளவு காற்றே போதும். ஆனால் அதன் அழுத்தம் பன்மடங்கு உயர்ந்திருக்க வேண்டும்.

அழுத்தக்காற்று, அதாவது இயந்திரத்தால் நெருக்கித் தாங்கியில் சேமித்த காற்று, தொழிற்கருவியாகப் பெயர்பெற்றது அல்ப்ஸ் மலையைத் துளைத்த மொன் செனி சுரங்கத்தில். 1857இல் தொடங்கி 1871இல் திறக்கப்பட்ட அச்சுரங்கத்தில், பொறியியலாளர் சொமெய்யேயின் காற்றுத் துளைகருவிகள் பாறையைத் துளைத்ததோடு, வெளியேறிய காற்றால் உள்ளிருந்தவர்கள் மூச்சுவிடவும் உதவின. வாகனங்களின் உலகுக்கு இக்காற்று இரு வழிகளில் வந்தது: ஒன்று ரயருக்குக் காற்றடித்தல், மற்றது நிறந்தெளித்தல். அமெரிக்காவின் தொலிடோ நகரில், 1888இல் தொண்டைநோய்க்கு மருந்து தெளிக்கும் கருவியொன்றை மருத்துவர் அலன் டிவில்பிஸ் உருவாக்கினார். அவர் மகன் தோமஸ் 1907 அளவில் அதே அடிப்படையில் நிறத்தெளிப்புத் துப்பாக்கியைச் செய்தார். கைவிரலால் அழுத்தும் விசை, வில்சுருள் அழுத்தும் தடுப்பு, கழற்றி மாற்றத்தக்க மூக்கு ஆகிய மூன்றும் ஒரே கைப்பிடியில் சேரும் வடிவத்தை அக்கருவி நிலைநிறுத்தியது. அதிலிருந்து நிறக்குப்பியை நீக்கினால் எஞ்சும் உறுப்புகளே, இலங்கைத் தொழிலாளர் எயார் கன் என்று வழங்கும் ஊதுகருவியிலும் உள்ளன.

இலங்கையில் 1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரத்தில் யப்பானியப் பாவித்த வாகனங்கள் பெருகியபோது, கொம்பிரசர் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்தது. துலக்கல் என்பது கழுவுதலைத் தாண்டிய தொழில்: நிறப்பூச்சின் கீறலை அகற்றி மெருகிடுதல், உட்புறத் துணியிலிருந்தும் காற்றுவழிகளிலிருந்தும் தூசை எடுத்தல், இயந்திர அறையைத் துப்புரவாக்குதல் ஆகியன அதில் அடங்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில் நீங்கும் வரை, கையிலிருக்கும் வாகனத்தைப் பேணுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. பழைய காரின் விலையே ஏறிக்கொண்டிருந்த அந்த ஐந்தாண்டுகளில் துலக்கல் ஆடம்பரமாகத் தோன்றாமற் போனதில் வியப்பில்லை. தோட்டப் பாதைகளின் செம்மண் சேறு கதவுக்கீல்களிலும் சில்லு ஆணிகளின் குழிகளிலும் விளக்குச் சட்டங்களிலும் புகுந்து இறுகுகிறது. துணியால் துடைத்தால் அதிலுள்ள மணற்றுகள் நிறப்பூச்சைக் கீறும். கழுவிய பின் கண்ணாடிச் சட்டத்தில் தங்கிய நீர் மெருகிடும் வேளையில் வழிந்து கறைபடுத்தும். இவ்விரண்டையும் தீண்டாமலே அகற்றுவதுதான் ஊதுகருவியின் பணி.

நிவித்திகலவின் வானிலை இப்பணிக்குத் தடையாகும் விதம் கணக்கிட்டுப் பார்க்கத்தக்கது. 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் கொண்ட காற்றின் ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அதை 8 பார் மானியழுத்தத்துக்கு நெருக்கினால் கன அளவு ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கும். தாங்கியில் அது மீண்டும் 30 பாகைக்குக் குளிர்ந்த பின், அச்சிறிய இடம் மூன்றரைக் கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்க முடியாமல், எஞ்சிய 20 கிராமையும் நீராக விட்டுவிடும். நிமிடத்துக்கு 200 லீற்றர் காற்றை உள்ளிழுக்கும் ஒரு சிறு கொம்பிரசர் தொடர்ந்து இயங்கினால் மணிக்குக் கால் லீற்றர் அளவு நீர் சேரும். அந்நீர் தாங்கியின் துருவையும் பம்பியின் எண்ணெயையும் கலந்துகொண்டு குழாய்வழியே கருவிக்கு வந்து சேருகிறது. உலர்ந்த நாடொன்றில் பல்லாண்டு உழைத்த கருவி ஈரவலயத்தில் ஓராண்டில் கசியத் தொடங்கினால், குறை கருவியுடையதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. நாள்தோறும் தாங்கியின் அடிக்குழாயைத் திறந்து நீரை வெளியேற்றாமையும், குழாயின் நடுவில் நீர்ப்பிரிப்பி பொருத்தாமையும் காரணமாகலாம்.

ஆகவே கருவியின் உடலைப் பார்த்து உழைப்பை மதிப்பிடுவது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிகிறது. பித்தளை உடல் ஈரத்தைத் தாங்கும். அலுமினியமும் துத்தநாகக் கலவை வார்ப்பும் சில்லு துலக்கும் அமிலங்களாலும் கடுங்காரச் சவர்க்கார நீராலும் அரிக்கப்படும். கண்ணாடியிழை சேர்த்த நைலோன் இலேசானது, கையிலிருந்து தவறி நிறப்பூச்சின் மேல் விழுந்தாலும் தீங்கு குறைவு. ஆனால் இம்மூன்றில் எதுவும் உடைந்ததால் கருவி குப்பைக்குப் போவது குறைவு. மிகுதியாகப் பழுதாவது விசைக்குப் பின்னாலுள்ள தடுப்பின் இறப்பர் வளையமும் வில்சுருளும். எண்ணெய் கலந்த காற்றுக்கு நைத்திரைல் இறப்பர் ஈடுகொடுக்கும். இயற்கை இறப்பர் உப்பிப் பிளந்துவிடும். இறப்பர் விளையும் மாவட்டத்தில் இதைக் கூற வேண்டியிருப்பது சற்று வேடிக்கையே. வில்சுருள் துருவேறா உருக்காக இருப்பதும், தடுப்பின் மூடி திருகுமறை கொண்டு கழற்றத்தக்கதாக இருப்பதும், வளையம் தனியே விலைக்குக் கிடைப்பதும் வாங்கும்போது ஆராய வேண்டியவை. அழுத்திப் பொருத்தி நிரந்தரமாக மூடப்பட்ட கருவி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அதன் ஆயுள் உள்ளிருக்கும் வளையத்தின் ஆயுள்தான். சமனலவெவ உலையின் முன்சுவரும் டேவி கண்ட தோலும் காட்டிய முறை இங்கும் பொருந்துகிறது. வளையத்துக்கு இடும் எண்ணெய் சிலிக்கோன் அற்றதாக இருத்தல் துலக்கல் தொழிலுக்கே உரிய நிபந்தனை. நுண்ணிய சிலிக்கோன் துளி புதிய நிறப்பூச்சு இடப்படும் பரப்பில் படிந்தால், பூச்சு அவ்விடத்தில் ஒட்டாது விலகி மீன்கண் போன்ற வட்டக் குழிகளை உண்டாக்கும்.

மூக்கைப் பொறுத்தவரை, துலக்குவோர் விரும்புவது முனையில் இறப்பர் தொப்பி அணிந்த நீண்ட மூக்கு. உலோக முனை ஒருமுறை நிறப்பூச்சைத் தொட்டால் மிச்சப்படுத்திய உழைப்பு முழுவதும் கீறலைப் போக்குவதிலேயே கழியும். உட்புறத் தூசுக்கு, கூம்பினுள் வளைந்த மெல்லிய குழாயொன்று காற்றின் எதிர்விசையால் சுழன்று, சிறு குப்பியிலிருந்து துப்புரவு நீரையும் தெளிக்கும் சுழல்மூக்குக் கருவி வழக்கத்துக்கு வந்துள்ளது. இதில் அக்குழாய் கூம்பின் சுவரில் உராய்ந்துகொண்டே சுழல்வதால் தேய்ந்து அறுவது இயல்பு; உராய்வைத் தவிர்க்க உருளைத் தாங்கி வைத்த வடிவங்கள் விலை கூடியவை, ஆனால் நாள் முழுதும் இயங்கும் இடத்தில் அவ்விலைக்கு ஈடு உண்டு. வாரத்துக்கு இரண்டு வாகனங்களே வரும் கடையொன்றுக்கு எளிய வடிவமும் இரண்டு உதிரிக் குழாய்களும் போதும்.

மூக்கின் துளை அகலுவது கண்ணுக்குப் புலப்படாத பழுது. 6 பார் அழுத்தத்தில் 2 மில்லிமீற்றர் துளை நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 லீற்றர் காற்றை வெளிவிடும். துளை 3 மில்லிமீற்றராக விரிந்தால் அது இரண்டேகால் மடங்காகும். இரண்டு குதிரைவலுக் கொம்பிரசர் அதை ஈடுசெய்ய முடியாமல் ஓயாது இயங்கும். அப்போது பழி மோட்டாரின் மேல் விழும். அழுத்தத்தைக் கூட்டிக் குறையை மறைப்பதும் வழக்கம், அது ஆபத்தானது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள், துப்புரவுக்குப் பயன்படும் அழுத்தக்காற்று, மூக்கு அடைபட்ட நிலையில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்கும், அதாவது ஏறத்தாழ 2 பாருக்கும், குறைவாக இருக்க வேண்டும் என்றும், கண்காப்பும் சிதறல் தடுப்பும் வேண்டும் என்றும் கூறுகின்றன; தோலின் வெட்டுக்காயத்தின் வழியாகக் காற்று குருதியில் புகுந்தால் உயிருக்கே கேடு வரக்கூடும் என்பதே அதன் அடிப்படை. மூக்கின் பக்கங்களில் சிறு துளைகள் இட்ட வடிவம் இதற்கான எளிய வழி: முனை கையால் அடைபட்டாலும் காற்று பக்கவழியே வெளியேறி அழுத்தம் தேங்காது. கைப்பிடியைத் துணியால் கட்டித் திறந்தபடி வைப்பதையும், உடுப்பிலுள்ள தூசை ஊதி அகற்றுவதையும் பல கடைகள் பிழையாகக் கருதுவதில்லை.

இலங்கையின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், அக்காலப் பிரித்தானியச் சட்டத்தைப் பின்பற்றி, காற்றுத்தாங்கியின் பாதுகாப்பைக் கவனத்திற் கொண்டது. வெடித்தால் கூரையையே பெயர்க்கும் தாங்கிக்கு அந்த முதலிடம் நியாயமானதே. நாள் முழுவதும் தொழிலாளியின் உள்ளங்கையில் இருக்கும் மூக்கையும் வளையத்தையும் தெரிவு செய்யும் பொறுப்போ இன்றும் பெரும்பாலும் கடைக்காரரிடமும் வாங்குபவரிடமுமே இருக்கிறது.